இடமில்லை என்று அழித்தது

ஒரு மணி நேர வீடியோ பதின்மூன்று ஜிபி இடம் பிடிக்கும் சார். இது புரியாமல்தான் பாதிப் பேர் எங்களைத் திட்டுகிறார்கள். என்னிடம் இருந்தது இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒவ்வொன்றும் நாற்பது ஜிபி. ஒரு காதுகுத்துக்கு மூன்று கேசட் எடுத்தால் ஒரு டிஸ்க் காலி. அதனால் டிவிடி போட்டுக் கொடுத்த கையோடு, கம்ப்யூட்டரில் ஏற்றிய படத்தை அழித்துவிடுவேன். ப்ராஜெக்ட் ஃபைலை மட்டும் வைத்துக்கொள்வேன். அது துக்கடா ஃபைல். எங்கே வெட்டினேன், எங்கே பாட்டுப் போட்டேன் என்ற கணக்கு மட்டும் இருக்கும், படம் இருக்காது. கேசட் மேலேயே அடுத்த விசேஷத்தை எடுத்துவிடுவேன். கோரிப்பாளையத்தில் கடை போட்ட நாள் முதல் இதுதான் என் வழக்கம்.

2004 ஆவணியில் கே.கே. நகர் துளசிராம் வீட்டில், அவர் மகள் ஸ்ரீவர்ஷினிக்கு மூன்றாவது பிறந்தநாள். துளசிராம் ஜவுளி வியாபாரி. தன் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களையெல்லாம் எனக்கே பிடித்துக் கொடுத்தவர். கேக் வெட்டி முடித்து எல்லோரும் மாடியில் சாப்பிடப் போய்விட்டார்கள். அடுப்படியில் அவர் மனைவி ராதாமணி குழந்தைக்கு ஊட்டுவதை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தவர், சட்டென்று தமிழுக்கு மாறினார்.

"தம்பி, பேசுறதும் இதுல பதியுமா?"

"பதியும்க்கா."

முந்தானையை விலக்கி முழங்கைக்கு மேலே காட்டினார். வரிசையாகச் சூட்டுத் தழும்பு. "எங்க வீட்டுக்காரர் வச்சது. அடுத்து மண்ணெண்ணெய்தான்னு சொல்லிருக்காரு. பரமக்குடியில எங்கண்ணன் உமேஷ் இருக்காரு. அவருகிட்ட இதப் போட்டுக் காட்டிருங்க தம்பி. என்னைய போன் பக்கம் விடமாட்டேங்கிறாங்க." அண்ணன் வீட்டு விலாசத்தை இரண்டு தரம் சொன்னார். மொத்தம் மூன்று நிமிடம். அழவில்லை.

நான் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். "சரிக்கா. பாப்பாவத் தூக்கிக்கிட்டு இங்கிட்டுப் பாத்து ஒருவாட்டி சிரிங்க."

சிரித்தார் சார். அந்தச் சிரிப்பை இதய வடிவச் சட்டத்துக்குள் வைத்து டிவிடியின் ஆரம்பத்தில் போட்டேன். பேசிய மூன்று நிமிடத்தை வெட்டி எடுத்தேன். மற்ற இடமெல்லாம் பேச்சுச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாட்டு. அப்போது எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள்.

வழக்கமாக உடனே அழிக்கிற நான் இதை மட்டும் அழிக்கவில்லை. பரமக்குடி இரண்டு மணி நேர பஸ். போகத்தான் இருந்தேன். ஆவணி முகூர்த்தம், நிற்க நேரமில்லை. புருஷன் பெண்டாட்டி விவகாரத்தில் நாம் ஏன் தலையை விட வேண்டும் என்றும் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் ராதாமணி எரிந்து இறந்துபோனார். ஸ்டவ் வெடித்ததாகச் சொன்னார்கள். அந்த அடுப்படியை நான் சுற்றிச் சுற்றி எடுத்திருக்கிறேன். கேஸ் அடுப்பு மட்டும்தான் இருந்தது, மண்ணெண்ணெய் ஸ்டவ்வே கிடையாது.

காரியமெல்லாம் முடிந்து உமேஷ் என் கடைக்கு வந்தார். டிவிடியும் கையுமாக நின்றார்.

"அண்ணே, இதுல தங்கச்சி வாயசையுது, சத்தம் இல்ல. பாட்டுத்தான் ஓடுது. அவ பேசுனது ரெண்டு வார்த்த இருந்தாலும் போதும்ணே. அம்மா குரல் வேணும்னு புள்ள அழுகுது."

"இடம் இல்லண்ணே. டிவிடி குடுத்ததும் அழிச்சிட்டேன்."

"புது டிஸ்க் வேணும்னாலும் நான் வாங்கித் தாரேன். எப்படியாச்சும் எடுத்துக் குடுங்கண்ணே."

"அழிஞ்சது அழிஞ்சதுதான்ணே."

அப்போது அந்தப் பதிவு என் மேஜைக்கு அடியில் கம்ப்யூட்டரில், அவர் காலிலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. அவர் படியிறங்கிப் போன பிறகுதான் அழித்தேன். அந்த வாரமே நாகமலை புதுக்கோட்டையில் ஒரு அறுபதாம் கல்யாணத்தை, எடுத்துவைத்திருந்த அந்தப் பிறந்தநாள் கேசட் மேல் எடுத்தேன்.

துளசிராமுக்குப் பயந்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அப்படி ஒரு பதிவு இருந்ததே அவருக்குத் தெரியாது. இடப் பற்றாக்குறையும் இல்லை. மூன்று நிமிடம் அறுநூற்றைம்பது எம்பி, ஒரு சிடிக்குள் அடங்கும். கடையில் காலி சிடி ஒரு டப்பா நிறைய இருந்தது. அந்தப் பேச்சு முடிகிற இடத்தில் என் குரல் இருந்தது சார். தழும்பைக் காட்டியவரை நான் சிரிக்கச் சொன்னதை அவர் அண்ணன் காதால் கேட்கக் கூடாது என்று நினைத்தேன். வெட்கம். அவ்வளவுதான் காரணம்.

ப்ராஜெக்ட் ஃபைல் இந்த பென் டிரைவில் இருக்கிறது. படம் வராது. ஆனால் அவர் 'தம்பி' என்று கூப்பிட்ட இடத்திலிருந்து நான் 'சரிக்கா' என்ற இடம் வரை எப்படி வெட்டியிருக்கிறேன் என்று தெரியும். காது கொடுத்துக் கேட்காதவன் அப்படி வெட்ட முடியாது.

2007 தையில் துளசிராம் ரம்யாஸ்ரீ என்ற பெண்ணை மறுபடி கல்யாணம் செய்தார். வீடியோ நான்தான். முந்தாநாள் அந்த ரம்யாஸ்ரீயும் அதே அடுப்படியில் எரிந்து பெரியாஸ்பத்திரியில் இறந்துபோனதால்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். இதையும் சொன்னால்தான் முழுசாகச் சொன்னதாகும். கல்யாணத்தன்று மணமகள் அறையில் அவரைத் தனியாக நிற்க வைத்து லைட்டைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அவரே மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, நீங்க அந்த வீட்டுக்கு ரொம்ப நாளாப் போறவராம்ல. அந்த அக்கா எப்படிச் செத்தாங்க? உள்ளதச் சொல்லுங்கண்ணே. இன்னும் தாலி ஏறல."

"ஸ்டவ் வெடிச்சதும்மா" என்றேன்.

கையில் ஒரு ஆதாரமும் இல்லாமல் ஒரு கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராதாமணி பேசிய மூன்று நிமிடமும் எனக்கு மனப்பாடம் சார். அந்தப் பெண் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை.