ஒற்றை வளையம்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருவர். மடியில் ரோஜா மாலையோடு இருந்தவர் ஒரு சின்னக் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர். அன்றுதான் ஓய்வு பெற்றிருக்கிறார். பக்கத்தில் அவருடைய பழைய மாணவர்.

“நம்ம பசங்க ஜெயிக்கறதுக்குப் போட்டதவிட எதிர் டீமுக்குப் போட்டுக் குடுத்ததுதான் அதிகம்ப்பா.”

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

“நம்ம கிரவுண்டுல ஒரு பக்கந்தானுங்க சார் வளையம். யார் போட்டாலும், பட்டுத் திரும்பற பந்தை அதுலயே போட்டுப் பழகிட்டோம். மேட்ச்சுலயும் கை தானா அப்படியே போயிருங்க.”

“இன்னொரு வளையம் கேட்டு வருசா வருசம் லெட்டர் எழுதுனேன். பதிலே வல்ல. அப்புறம் விளையாட்டுத் துறைக்கே என்னைப் பொறுப்பாப் போட்டாங்க. அங்க மேசை டிராயரத் தொறந்தா என் லெட்டருங்க அத்தனையும் பிரிக்காம கெடக்குது.”

“உடனே வாங்கிட்டீங்களா?”

“பிரின்சிபாலுக்கு அனுப்புனேன். ‘பயிற்சியாளரைக் கலந்து பேசவும்’னு எழுதி எனக்கே அனுப்பிட்டாரு.”

“பேசுனீங்களா சார்?”

“பேசிப் பேசி போன வாரந்தான் வந்துச்சு. நேத்து எனக்காகப் பசங்க ஒரு மேட்ச் வெச்சாங்க. என்னையும் ஆட எறக்கிட்டாங்க. புது வளையத்துல ஒரே ஒரு பந்துதான் விழுந்துச்சு.”

“யாருங்க போட்டது?”

“நாந்தான். ரெண்டு டீமும் பழைய வளையத்துக்கடியிலயே நின்னுட்டிருந்துச்சு. தடுக்க ஒருத்தனும் வல்ல.”