ஸ்கேனில் காட்டாத கள்ளு

அல்வால் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில் ஸ்கேன் கவர்.

“மெஷினுக்குள்ள படுக்க வச்சு பாட்டில் படமா காட்டினாங்க. அதைப் பார்த்தும் என் மூளை அசையவே இல்லையாம். நான் மறுபடி குடிக்க மாட்டேன்னு டாக்டரே சொல்லிட்டார்.”

“என்ன பாட்டில்?”

“ஃபாரின் விஸ்கி. ஐஸ் போட்ட கிளாஸ்.”

“அதை நீங்க என்னிக்குக் குடிச்சீங்க? எட்டு மாசம் முன்னாடி வரைக்கும் கள்ளு விக்கிற காம்பவுண்டுலதானே கிடந்தீங்க? கள்ளைக் காட்டினாங்களா?”

“இல்ல.”

“டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“எதுக்குச் சொல்லணும்? அவரே அவ்வளவு சந்தோஷப்பட்டார்.”

லோத்குண்டா தாண்டி, ஒரு கள்ளு காம்பவுண்டுக்கு எதிரே பஸ் சிக்னலில் நின்றது. அவர் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

“இப்போ எடுக்கச் சொல்லுங்க ஸ்கேனை,” என்றாள்.