அப்ரூவல் வரவில்லை

எனக்குப் பனி பெய்யும் ஊர்களின் கதைகள் பிடிக்கும், சார். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது மடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். ஒரகடத்து லாரிப் புழுதி பக்கங்களில் படியும். அதைப் பனி என்று வைத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் டெஸ்க் என்னுடையது. கேஷ்லெஸ் என்றால் பணம் கட்டாமல் உள்ளே வரலாம் என்று எல்லாருக்கும் தெரியும். வெளியே போவது எப்படி என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு, கடைசி பில்லையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் நான் கம்ப்யூட்டரில் இன்சூரன்ஸ்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் அப்ரூவல் கொடுத்தால்தான் கேட் பாஸ். அது இல்லாமல் செக்யூரிட்டி யாரையும் விடமாட்டார்.

செல்லக்கனி குடல்வால் ஆபரேஷனுக்கு வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். கார் ஒயரிங் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, ஹாஸ்டல் வாசம். பார்க்க யாரும் வரவில்லை. ஒரு மாலை அவள் கட்டிலருகே உட்கார்ந்து, ஓநாய்க்குக் கடிதம் கொண்டுபோகும் தபால்காரனின் கதையைச் சொன்னேன்.

"எக்கா, பொறவு என்னாச்சு?" என்றாள்.

என்னிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கதை பாதியில் நின்றது. நான் ஃபைலை அனுப்பவில்லை. ஒரே ஒரு நாள் என்றுதான் நினைத்தேன்.

அந்த ஒரு நாள் பல நாளானது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அப்ரூவல் வரவில்லை என்றால் எல்லாரும் இன்சூரன்ஸ்காரனைத் திட்டுவார்கள், என்னைக் கேட்கமாட்டார்கள்.

"இன்னா பெருந்தேவி, இந்தப் பொண்ணோட ரேஷன் கார்டையே இங்க மாத்திடலாம் போலக் கீதே," என்று ராஜாமணி சிஸ்டர் சிரித்தார்.

"அவனுங்க என்னிக்கு சிஸ்டர் சீக்கிரம் குடுத்தானுங்க?" என்றேன்.

செல்லக்கனி சிரிக்கவில்லை. "எக்கா, கம்பெனி லைன்ல என் எடத்துல வேற ஆளப் போட்டுருவாவ. என்னைய எப்பக்கா விடுவாவ?"

கடன் வாங்கி பில்லைத் தானே கட்டிவிடலாமா என்றும் கேட்டாள். கட்டினால் கேஷ்லெஸ் போய்விடும், பிறகு அந்தப் பணத்துக்கு நீதான் அலைய வேண்டும் என்று விளக்கினேன். அது பொய் இல்லை. விளக்கிவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டாள். கேட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

பக்கத்துக் கட்டிலுக்கு நிமோனியாவோடு ஓர் அம்மா வந்தார். செல்லக்கனி இருமத் தொடங்கினாள். அப்போதாவது அனுப்பியிருக்கலாம். ஆனால் ஏன் இத்தனை தாமதம் என்று கேட்பார்களே. ஃபைலைத் திறப்பேன், மூடுவேன்.

அவளுக்கு மூச்சுத் திணறி ஐசியூவுக்குக் கொண்டுபோனபோது, அந்தச் செலவுக்கான கோரிக்கையை உடனே அனுப்பினேன். டீ ஆறுவதற்குள் அப்ரூவல் வந்துவிட்டது. அவர்கள் அவ்வளவு மெதுவானவர்கள் இல்லை, சார்.

கதையின் முடிவை அவள் காதருகே குனிந்து சொன்னேன். அதற்கு முன்பே உயிர் போய்விட்டது என்று ராஜாமணி சிஸ்டர் சொல்கிறார். அவர் சரியாகக் கவனித்திருக்கமாட்டார்.

ஃபைலை அனுப்பாதது நான்தான். இந்த வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளை அடைத்து வைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வார்டுக் கதவு எப்போதும் திறந்துதான் இருந்தது.