ஐந்தாவது அலசல்

துணி அலசுவதில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை, மேடம். உங்கள் காக்கிச் சட்டைக் காலரில் சோப்பு அப்படியே நிற்கிறது. காய்ந்த பிறகு வெள்ளையாகத் தெரியும். வீட்டில் துவைக்க ஆள் வைத்திருக்கிறீர்கள் போல. அவளிடம் சொல்லுங்கள்.

நாங்கள் செய்வது குளிர் கோட்டு. மணலூர்பேட்டை அறுப்பு வயல்களில் மேயும் வாத்துகளின் நெஞ்சுத் தூவியை, அந்தப் பஞ்சு போன்ற மெல்லிறகை வாங்கி, கழுவி, உலர்த்தி, கோட்டுக்குள் அடைப்போம். கள்ளக்குறிச்சி வெயிலில் இதென்ன தொழில் என்று சிரித்தவர்கள் உண்டு. அப்பா சுப்புராயன் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. தூவியில் சோப்பு தங்கினால் அது ஈரத்தைக் குடித்துக் கட்டியாகிவிடும். அப்புறம் கோட்டும் கோணியும் ஒன்றுதான். அதனால் ஐந்து தடவை அலச வேண்டும். கடைசித் தண்ணீரைச் சீசாவில் பிடித்து, முதலாளி தன் கையால் குலுக்கிப் பார்க்க வேண்டும். நுரை நிற்காவிட்டால்தான் சீட்டில் கையெழுத்து. அப்பா வைத்த முறை இது.

அப்பா போனதும் முதலாளி ஆனவன் என் தம்பி பிரவீன்குமார். ஆண்பிள்ளை அல்லவா. இருபத்தாறு வருஷம் தொட்டியில் கை ஊறியவள் நான்; அவனுக்கு நெஞ்சுத் தூவிக்கும் சிறகு இறகுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் யூடியூபில் தாடியைத் தடவிக்கொண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் தானே அலசி அடைப்பதாகச் சொன்னான். பார்த்துச் சிரித்தேன். கோபப்படும் அளவுக்கு அவன் பெரிய ஆள் இல்லை.

சித்திரையில் ஒரு நாள் தொட்டிப் பக்கம் வந்தான். அலசுவதற்கு மெஷின் வாங்கப்போகிறானாம். "நீ இன்னாத்துக்குக்கா இந்த நாத்தத்துல கெடக்குற? வூட்ல ஒக்காந்துக்கினு சீரியல் பாரு" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த மாதம், தன்னோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர் இமயமலை ஏற ஏற்பாடு செய்திருந்தான், கோட்டுக்கு விளம்பரமாம். அந்தப் பன்னிரண்டு கோட்டுக்கான தொட்டியை ஒரு அலசலோடு நிறுத்தச் சொன்னேன். கூட வேலை செய்யும் ஜெயம்மாள் தயங்கினாள்.

"அக்கா, இன்னும் நொர வருதுங்க."

போதும், வெயிலில் போடு என்றேன்.

சீசாவை நானே கொண்டுபோய் அவன் மேசையில் வைத்தேன். ஒளிக்கவில்லை. நுரை கழுத்துவரை நின்றது. குலுக்கக்கூட வேண்டாம், பார்த்தாலே போதும். போனைக் காதில் இடுக்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு இங்கே பக்கத்திலிருக்கும் வெள்ளிமலைக்குப் போய் வந்து, வேர்த்துக் கொட்டிவிட்டது என்று பெருமையடித்தான். வைகாசியில் யாருக்குத்தான் வேர்க்காது.

மலையில் இரண்டாம் நாள் பனியோடு மழையும் சேர்ந்து அடித்ததாம். ஒன்பது பேர் இறங்கி வந்தார்கள். இவன் வரவில்லை. மற்ற இரண்டு பேர் கல்லூரிப் பெண்கள், அபிநயாவும் நிர்மலாவும். அவர்களைப் பற்றித்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். ஒரே ஒரு கோட்டுக்கென்று தனித் தொட்டி போட முடியாது, மேடம். தொழில் தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

தூவியில் சோப்பு இருந்ததைக் கண்டுபிடித்து, சீட்டில் அலசியவள் பெயரைப் பார்த்து, ஜெயம்மாளைப் பிடித்து வந்தீர்கள். பத்தொன்பது நாளாகிறது. நான் அவளுக்காக வரவில்லை. பொறுமைசாலி, இன்னும் கொஞ்ச நாள் இருப்பாள். நேற்றுப் பேப்பரில், சுப்புராயன் பட்டறையில் தூவியை ஒழுங்காக அலசத் தெரியாததால் மூன்று உயிர் போனது என்று போட்டிருந்தார்கள். படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயம்மாளுக்கு அலசச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

ஆகவே சரியாக எழுதிக்கொள்ளுங்கள். பெயர் விஜயலட்சுமி, சுப்புராயன் மகள். பேப்பர்காரர்களையும் திருத்தம் போடச் சொல்லுங்கள். தெரியாமல் விடவில்லை, நான்கு அலசலையும் எண்ணித்தான் விட்டேன். என் வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.