நீல வண்டியின் கடிகாரம்

இல்லை இன்ஸ்பெக்டர் சார், டீ ஆறினால் பரவாயில்லை. எனக்கு ஆறின டீதான் பிடிக்கும். டைப் அடிக்கிறவர் லீவு, உன் வாக்குமூலத்தை நீயே அடித்துக் கொடு, பேசுகிற மாதிரியே இருந்தால் போதும் என்றீர்கள். அடிக்கிறேன். காலையில் நீங்கள் வாசித்துக் காட்டிய அறிக்கையில் ஒரே ஒரு சொல் தப்பு. அதைத் திருத்தத்தான் மறுபடி வந்தேன்.

முதலில் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியை முடித்துவிடலாம். டிவியில் வேடிக்கைக்காகக் கார்களை நசுக்குவது வீண் இல்லையா? மூன்று வருடமாக இதே பாட்டு. பல் டாக்டர்கூட என் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு கேட்டார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

மைதானத்தில் நாலு பழைய கார்கள் வரிசையாக நிற்கும். கிரேனில் ஒரு கான்கிரீட் கட்டி தொங்கும். பத்திலிருந்து தலைகீழாக எண்ணி, கட்டியைக் கார் மேல் விட்டுவிடுவோம். அவ்வளவுதான் நிகழ்ச்சி. என் அட்டையில் தயாரிப்பு உதவியாளன் என்றுதான் போட்டிருக்கும், ஆனால் யோசனை என்னுடையது. பகலெல்லாம் மேனேஜரிடம் திட்டு வாங்கியவன் வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து, அந்தக் கட்டி விழும்போது வாயில் வைத்ததை மெல்லக்கூட மறந்து சிரிப்பான். அதை எப்படி வீண் என்பது?

மாமாவுக்கு அது புரியவில்லை. மாமா என்றால் அக்கா புருஷன். மெக்கானிக். நான்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டேன். நசுக்குகிற வண்டியிலிருந்து பெட்ரோல், ஆயில், பேட்டரியை எடுத்துவிடுவது அவர் பொறுப்பு. எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் செய்து பார்ப்பார். ஓடாத வண்டியையும் ராவி, தட்டி, ஓட வைத்துவிடுவார். வண்டிக்குள் ஏறும்போது செருப்பை வெளியே கழற்றி வைப்பார். சாகப்போகிற வண்டிக்கு என்ன மரியாதை என்று கேட்டால் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் இதே சண்டைதான்.

"சாவி போட்டதும் பிடிச்சுக்குதுடா. அதைப் போய் நசுக்குறீங்களே, எப்படிடா மனசு வருது?"

"ஜனங்க சிரிக்கிறாங்க மாமா."

"சிரிச்சு முடிச்சதும் மிச்சம் என்ன? தகரம்."

"சாப்பிட்டு முடிச்சதும் மிச்சம் என்ன? அதுக்காக நீங்க பட்டினியா கிடக்கிறீங்க? மூணாவது தடவை போட்டுக்கிட்டீங்க."

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க" என்பாள் அக்கா. "இந்த வீடே உங்க வண்டி சாமான்லதான் நிக்குது. இனிமே அடுப்படிக்குப் போறதுக்கும் இண்டிகேட்டர் போடணும்."

உண்மைதான். மாமா ஒவ்வொரு வண்டியிலிருந்தும் ஏதாவது ஒன்றைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார். குழந்தையின் படுக்கை விளக்கு ஒரு ஹெட்லைட். குளியலறைக் கண்ணாடி ஒரு லாரியினுடையது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஓட வைத்த வண்டிகளையெல்லாம் போனில் படம் பிடித்து, சேனல் தலைவரிடம் நேராகக் கொண்டுபோய்க் காட்டிவிட்டார். போன வாரம் முடிவு வந்தது. அடுத்த சீசனிலிருந்து நசுக்குவது கிடையாது, ரிப்பேர்தான். மாமா என் தோளில் கை போட்டு, "உன் பேரைத்தான்டா முதல்ல போடச் சொல்லியிருக்கேன்" என்றார். கை பூராவும் கிரீஸ். சட்டை போச்சு.

ஒரு மனிதன் ஒரு மணி நேரம் நட்டு முடுக்குவதை யார் சார் பார்ப்பார்கள்? எனக்குக் கோபம் வரவில்லை. களைப்பாக இருந்தது.

இப்போது அறிக்கைக்கு வருகிறேன். வண்டிக்குள் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டு பானெட்டில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போடுவது என் வேலை. குறி இருந்தால்தான் கிரேன்காரர் கட்டியை விடுவார். நான் காலையிலேயே நாலு வண்டிக்கும் சேர்த்துப் போட்டுவிடுவேன். எல்லாருக்கும் தெரியும். நீங்களும் கண்டுபிடித்துவிட்டீர்கள். அதை வைத்துத்தான் 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்தச் சொல்தான் சார் தப்பு.

கடைசியாக நசுங்க வேண்டிய நீல வண்டியை, வெயில் நன்றாக விழுகிறது என்று டைரக்டர் மூன்றாவதாக மாற்றினார். மாமாவிடம் சொல்லிவிட்டு வா என்று என்னைத்தான் அனுப்பினார். நீல வண்டியின் அந்தப் பக்கம், கேமராவுக்குத் தெரியாத கதவோரம், மாமாவின் செருப்பு கிடந்தது. உள்ளே அவர் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டிருந்தார். அந்த வண்டியில் சாவி கொடுத்து ஓடுகிற பழைய கடிகாரம் ஒன்று இருந்தது. அக்காவின் சமையலறைக் கடிகாரம் நின்றுபோய் ஒரு மாதம் ஆகிறது.

என் நிழல் விழுந்ததும், திரும்பாமலே, ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேல் கத்தினார். "நீயாடா? ரெண்டே நிமிஷம். ஸ்க்ரூ துருப்பிடிச்சுக் கிடக்கு."

"அவசரமில்ல மாமா" என்றேன்.

செருப்பை எடுத்து வண்டிக்கு அடியில் தள்ளினேன். ஒரு கேமரா சுற்றி வரும், ஃபிரேமில் விழுந்திருக்கும். கதவு திறந்திருந்தால் வண்டி ஒருபக்கமாக நசுங்கும், பார்க்க நன்றாக இருக்காது. அதனால் மெதுவாகச் சாத்தினேன். பின் சீட்டில் வைக்கிற சின்ன கேமராவை வழக்கம்போல ஆன் செய்துவிட்டுத்தான் சாத்தினேன். காலையில் போட்ட குறி லேசாக அழிந்திருந்தது. அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்திப் போட்டேன். திரும்பி வந்து டைரக்டரிடம் கட்டை விரலைக் காட்டினேன். இதில் எந்த இடத்தில் சார் கவனம் குறைந்திருக்கிறது?

அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு இன்னொரு முறை முதலிலிருந்து ஆரம்பிக்கத் தெம்பில்லை.

சின்ன கேமரா உடைந்துவிட்டது, ஆனால் அதன் கார்டை நீங்கள் வந்து சேர்வதற்கு முன்பே நான் எடுத்துவிட்டேன். இதோ டீ கிளாஸ் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாலு தடவை பார்த்தேன். கடைசி ஸ்க்ரூ கழன்றதும் மாமா எழுந்து உட்கார்ந்து, கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டு, தனக்குத்தானே சிரிக்கிறார். அப்புறம்தான் வண்டிக்குள் இருட்டு விழுகிறது, மேலே பார்க்கிறார். மூன்று வருடத்தில் இப்படி ஒரு ஷாட் எங்களுக்குக் கிடைத்ததே இல்லை. இதைச் சாட்சிப் பொருள் என்று அலமாரியில் பூட்டி வைத்தால் அதற்குப் பெயர்தான் வீண். நீங்கள் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் சார், உங்களுக்கு என்ன தோன்றுகிறது, இதைக் கடைசி எபிசோடில் போடலாம்தானே?