பாதி குளோரின்

அக்கா: பியூரெட்டை அப்படியே வைங்க மேடம், நான் கழுவிக்கிறேன்.

மேடம்: பேச்சை மாத்தாதீங்கக்கா. மறுமதிப்பீட்டு ஃபாரத்துல கையெழுத்துப் போடுங்க. அஞ்சு மணிக்கு ஆபீஸை மூடிடுவாங்க.

அக்கா: ரெண்டு மார்க்குன்னாலும் ஃபெயில் ஃபெயில்தானே... அடுத்த வருஷம் எழுதிட்டாப் போச்சு.

மேடம்: அதுவரைக்கும், பாஸானா கிடைக்கிற அந்த லேப் டெக்னீஷியன் வேலை உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?

அக்கா: இல்லன்னா அட்டெண்டராவே இருந்துட்டுப் போறேன். பதினாறு வருஷமா பாட்டில் கழுவின கை...

மேடம்: விளையாடாதீங்க. இந்தாங்க சாக்பீஸ். பரீட்சையில வந்த அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்க. மெக்னீசியம் குளோரைடோட லாட்டிஸ் எனர்ஜி.

அக்கா: அட, பரீட்சை முடிஞ்சும் பரீட்சையா!

மேடம்: போடுங்கக்கா.

அக்கா: சரி... படிகத்துக்குள்ள அயனிங்க எவ்வளவு இறுக்கமா ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நேரா அளக்க முடியாது. அதனால சுத்தி வளைச்சுப் போறோம்...

மேடம்: வீட்டுக்காரருக்குப் பாடம் சொல்ற மாதிரியே இருக்கே.

அக்கா: அவர்கிட்ட சொல்லித்தானே பழகினேன். அயனி வர்றதுக்குள்ள குறட்டை வந்துடும்... மெக்னீசியத்தை ஆவியாக்க நூத்தி நாப்பத்தெட்டு கிலோஜூல். முதல் எலக்ட்ரானைப் பிடுங்க எழுநூத்தி முப்பத்தெட்டு. ரெண்டாவதுக்கு ஆயிரத்து நானூத்தி அம்பத்தொண்ணு. அப்புறம் குளோரினைப் பிரிக்க...

மேடம்: ம்... எவ்வளவு?

அக்கா: இருநூத்தி நாப்பத்திரெண்டு.

மேடம்: முழுசாவா? பாதி இல்ல?

அக்கா: சாப்பாட்டு உப்புக்குத்தான் பாதி. அதுல குளோரின் ஒண்ணு, இதுல ரெண்டாச்சே. உங்களுக்குத் தெரியாததா மேடம்?

மேடம்: ...மேல போங்க.

அக்கா: குளோரின் எலக்ட்ரானை வாங்கும்போது ரெண்டு தடவை முன்னூத்தி நாப்பத்தொம்பது திரும்ப வருது, அதைக் கழிக்கணும். இந்த உப்பு உருவாகுறப்ப வெளிய வர்ற அறுநூத்தி நாப்பத்தொண்ணைக் கூட்டணும். ஆக மொத்தம் ரெண்டாயிரத்து ஐநூத்தி இருபத்திரெண்டு.

மேடம்: பரீட்சையிலயும் இதைத்தானே எழுதுனீங்க?

அக்கா: இதேதான்.

மேடம்: அதான் சரி. விடைக்குறிப்புலதான் குளோரினைப் பாதியாக்கி, ரெண்டாயிரத்து நானூத்தி ஒண்ணுன்னு போட்டிருக்கு. உங்களுக்கு நாலு மார்க் அநியாயமாப் போச்சு.

அக்கா: தெரியும் மேடம். குறிப்பு வெளிவந்த அன்னிக்கே பார்த்துட்டேன்.

மேடம்: தெரியுமா! தெரிஞ்சுமா இப்படி...

அக்கா: குறிப்பு எழுதினவங்க பாவம். வருஷம் பூரா சாப்பாட்டு உப்பையே நடத்தினா, கை தானா பாதி போட்டுடும். நான் கேக்கப்போய், விசாரணை அது இதுன்னு அவங்களை அலைய விடுவாங்க.

மேடம்: யாரோ ஒருத்தருக்காக உங்க வேலையை விட்டுக் குடுப்பீங்களா?

அக்கா: விடுங்க மேடம், போர்டை அழிச்சுடறேன்.

மேடம்: சொல்லுங்கக்கா.

அக்கா: யாரோ இல்லையே மேடம். இந்தக் கணக்கை எல்லாரும் உலோகத்துல ஆரம்பிப்பாங்க. அந்தக் குறிப்புல முதல் வரியே குளோரின். ஒம்பது வருஷமா உங்க போர்டை நான்தானே அழிக்கிறேன்... அப்படி ஆரம்பிக்கிறது நீங்க ஒருத்தர்தான்.

மேடம்: ...தப்பு என்னோடதுன்னு காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன்க்கா. ஆனா பரீட்சை எழுதினவங்க கேட்டாத்தான் பேப்பரைத் திரும்ப எடுப்பாங்களாம். உங்க முகத்தைப் பார்த்து என் தப்பைச் சொல்லத்தான் எனக்குத் தைரியம் வரல... கேளுங்கக்கா.