வேண்டாம்னு சொன்ன மனுஷன்

அப்பா : இன்னொரு தடவ சொல்லு.

மகள் : டிரான்ஸ்கிரெஸ்.

அப்பா : டிரான்ஸ்ஃபார்மருக்குத் தம்பி மாதிரி இருக்கு.

மகள் : ப்பா, சிரிக்காதீங்க. தையல் இழுக்கும்.

அப்பா : நீதான் வந்ததுலேர்ந்து சிரிக்கவே இல்லையே. உன் பங்குக்கும் சேத்து நான் சிரிக்கறேன். என்ன அர்த்தம் அதுக்கு?

மகள் : மீறுறது.

அப்பா : சிவப்பு லைட்டுல நிக்காம போறாங்களே, அதுவா?

மகள் : அதுக்கெல்லாம் இவ்வளவு பெரிய வார்த்தை வேண்டாம். பிரேக்னு சொன்னாலே போதும்.

அப்பா : பக்கத்து வீட்டுக்காரன் நம்ம வாசல்ல வண்டிய நிறுத்தறானே?

மகள் : அடுத்தவங்க இடத்துக்குள்ள நுழைஞ்சா டிரெஸ்பாஸ். அது வேற.

அப்பா : அப்ப இது எதுக்குத்தான் ஆகும்?

மகள் : கோடு எங்க இருக்குன்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சே தாண்டுறது... சாதாரணப் பேச்சுல யாரும் சொல்ல மாட்டாங்க. பாவத்தப் பத்திப் பேசறப்போ சொல்லுவாங்க. அப்புறம் விசாரணையில. கடல் ஏறி வந்து நிலத்த மூடினாக்கூட இதத்தான் சொல்லுவாங்களாம்.

அப்பா : கடலுக்குமா? அதுக்கு யாரு கோடு போட்டுக் குடுத்தா?

மகள் : இருமல் வருதா? தலகாணிய நெஞ்சோட சேத்துப் பிடிங்க. இறுக்கி... ம். மெதுவா.

அப்பா : ...போச்சு. விடு. யாரப் பாத்து இதச் சொன்னாங்க?

மகள் : கூட வேலை பாக்கற ஒரு பொண்ண. மேலதிகாரி அம்மா போன்ல சொன்னாங்க. நாளைக்கு விசாரணை.

அப்பா : அதான் அந்தச் சட்டைய இவ்வளவு நேரமாத் தேய்க்கறியா? அந்தப் பொண்ணுக்கு விசாரணைன்னா உன் சட்டைய ஏன் படுத்தற?

மகள் : நானும் போகணும். சாட்சிக்கு.

அப்பா : காலர் கருகுது பாரு.

மகள் : ஐயோ!

அப்பா : சுவிட்ச அணைச்சுட்டு வந்து உக்காரு. அம்மா கடைக்குப் போனா லேசுல வர மாட்டா. அந்தப் பொண்ணு அப்படி என்னதான் பண்ணிச்சு?

மகள் : எங்க வேலைதான் உங்களுக்குத் தெரியுமே. டாக்டர் இங்கிலீஷ்ல சொல்றத நோயாளியோட பாஷையில சொல்லணும். நோயாளி சொல்றத டாக்டருக்கு இங்கிலீஷ்ல சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. திட்டினா, திட்டினதையும் சொல்லணும்.

அப்பா : டாக்டர முட்டாள்னு சொன்னாக்கூடவா?

மகள் : 'நீங்க ஒரு முட்டாள்'னு அவர்கிட்டயே சொல்லணும். நான் சொல்லியிருக்கேன்.

அப்பா : அடடா! முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் நாலு வார்த்தை...

மகள் : ப்பா.

அப்பா : சரி, சரி. சொல்லு.

மகள் : சொந்தக்காரங்களுக்குப் பேசக் கூடாது. அதுதான் முதல் விதி. 'இவர் எனக்கு வேண்டியவர், வேற ஆள அனுப்புங்க'ன்னு சொல்லிட்டு வெளிய வந்துடணும். அவ சொல்லல. கல்யாணத்துக்கு அப்புறம் பேரு மாறிட்டதால யாருக்கும் தெரியவும் இல்ல.

அப்பா : நோயாளி யாரு?

மகள் : யாரோ ஒருத்தர்...

அப்பா : பொண்ணு சொல்லிக் குடுத்தாளேன்னு, பெத்த பொண்ணையே 'மேடம், மேடம்'னு கூப்பிட்டாரே ஒருத்தர். அவரா? எனக்கு நெஞ்சத்தான் அறுத்தாங்க. மூளைய அப்படியேதான் விட்டு வெச்சிருக்காங்க.

மகள் : எப்பத் தெரிஞ்சுது?

அப்பா : காலையில ரெண்டு தடவ பல்லு தேய்ச்ச. கேட்டா முதல் தடவ தேய்ச்சதே ஞாபகம் இல்லங்கற. இதுக்குப் போயா அந்தக் கடல் வார்த்தை? அப்பனுக்குப் பொண்ணு பேசினா என்ன குடி முழுகிப் போச்சு? நான் வந்து சொல்றேன் அந்த அம்மாகிட்ட.

மகள் : அது மட்டும் இல்லப்பா.

அப்பா : வேற என்ன?

மகள் : வேண்டாம். சொன்னா என் முகத்துலயே முழிக்க மாட்டீங்க.

அப்பா : இப்ப மட்டும் என்ன, நீ எங்க என் முகத்தப் பாக்கற? நான் உன் பின்னலோடதான பேசிட்டிருக்கேன்.

மகள் : ...டாக்டர் அன்னைக்கு என்ன சொன்னார்னு நினைக்கறீங்க?

அப்பா : ஆபரேஷன் பண்ணணும்னாரு.

மகள் : பண்ணணும்னு சொல்லல. பண்ணலாம்னார். வேண்டாம்னா மருந்து தரேன், வீட்டுக்குப் போகலாம், எத்தனை நாள்னு சொல்ல முடியாது, ரெண்டும் உங்க இஷ்டம்னார். மருந்துன்னு ஒண்ணு இருக்கறதையே நான் உங்ககிட்டச் சொல்லல.

அப்பா : ஓ.

மகள் : நீங்க என்ன சொன்னீங்க?

அப்பா : வேண்டாம்னேன்.

மகள் : 'வேண்டாம், வாழ்ந்தது போதும், என்னை வீட்டுக்கு அனுப்பச் சொல்லு'ன்னீங்க. அத நான் சொல்லல. அப்பா சம்மதிச்சுட்டார்னு சொன்னேன். வெளிய வந்ததும் உங்ககிட்ட, 'டாக்டர் ஒத்துக்கல, வேற வழியே இல்லையாம்'னு இன்னொண்ணு. அங்க ஒரு பொய், இங்க ஒரு பொய். ஏதாவது சொல்லுங்கப்பா. திட்டுங்க.

அப்பா : தண்ணி குடு.

மகள் : இந்தாங்க... உங்க உடம்பு, உங்க உயிரு. அதுல முடிவு பண்ண நான் யாரு? நீங்க வாசல் வரைக்கும் நடந்துட்டு வர்றப்போ சந்தோஷமா இருக்கு. உடனே அசிங்கமாவும் இருக்கு. உங்க வாயப் பொத்திட்டு நான் பேசின மாதிரி... கூசுதுப்பா.

அப்பா : அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

மகள் : போன தடவ செக்கப்புக்கு எனக்குப் பதிலா வேற ஒரு பொண்ணு பேச வந்தாளே...

அப்பா : கண்ணாடி போட்ட பொண்ணா?

மகள் : அவதான். அவகிட்ட என்ன சொன்னீங்க?

அப்பா : ஒண்ணும் சொல்லலையே... சும்மா பேச்சுக்கு ஏதோ...

மகள் : என்ன சொன்னீங்க?

அப்பா : 'நல்லாத் தேறிட்டீங்க, தைரியசாலி'ன்னாரு டாக்டர். நான்... 'எனக்கு என்ன பயம்? நான் வேண்டாம்னுதான் சொன்னேன், அன்னைக்குப் பேசின என் பொண்ணுதான் கேக்கல'ன்னேன்.

மகள் : அத அவ அப்படியே டாக்டர்கிட்டச் சொன்னா.

அப்பா : ஒரு வார்த்தை விடாமலா?

மகள் : விடாம. அவ வேலைய அவ ஒழுங்காப் பண்ணினா.

அப்பா : அட கடவுளே. அப்ப என் வாய்தான் உன்னக் காட்டிக் குடுத்துச்சா?

மகள் : நீங்க நடந்ததத்தான சொன்னீங்க.

அப்பா : பெருமைக்குச் சொன்னேன்மா. வெறும் வாய்ச் சவடால்... நாளைக்கு என்ன சொல்லப் போற?

மகள் : 'அவசரத்துல தப்பாப் புரிஞ்சுகிட்டேன்னு சொல்லு, தப்பிச்சுக்கலாம்'னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. 'வேண்டாம்'ங்கறதுல தப்பாப் புரிஞ்சுக்கறதுக்கு என்னப்பா இருக்கு? நடந்ததச் சொல்லப் போறேன்.

அப்பா : சொன்னா?

மகள் : வேலை போயிடும். வேற எங்கயும் இந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க.

அப்பா : வேற ஏதாவது பாத்துக்கலாம்னு நான் சொன்னா கோவப்படுவ.

மகள் : எனக்கு வேற எதுவும் தெரியாதுப்பா. பிடிக்கவும் பிடிக்காது. மூலையில பேசாம உக்காந்திருக்கறவங்க நாங்க போய் நின்னதும் மடமடன்னு பேச ஆரம்பிப்பாங்க பாருங்க... இனிமே யாராவது வேண்டாம்னு சொன்னா, நான் அத வேண்டாம்னே சொல்லுவேன்னு எத வெச்சு நம்புவாங்க?

அப்பா : நாளைக்கு நானும் வரேன்.

மகள் : எதுக்கு? எனக்காகப் பொய் சொல்றதுக்கா? ஒரு வீட்டுக்கு நான் ஒருத்தி போதும்.

அப்பா : பொய் இல்ல.

மகள் : 'நான் சரின்னுதான் சொன்னேன்'னு அடிச்சு விடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்கள? வேண்டாம்ப்பா. எனக்கு இன்னும் கேவலமா இருக்கும்.

அப்பா : கொஞ்சம் பேச விடறியா? உன் சித்தப்பாவுக்கு முடியாம போச்சே, ஞாபகம் இருக்கா?

மகள் : இப்ப எதுக்கு சித்தப்பா?

அப்பா : எப்படியாவது காப்பாத்துங்கன்னு டாக்டர் கையப் பிடிச்சுட்டு அழுதான். வீட்டுக்கு வந்து நான் அத நடிச்சுக் காட்டி உங்க எல்லாரையும் சிரிக்க வெச்சேன். 'ஆம்பளையா இவன்? எனக்கு வந்தா, போதும்னு எந்திரிச்சுப் போயிட்டே இருப்பேன்'னு... கூடப் பிறந்தவன்மா அவன்.

மகள் : அதெல்லாம் எதுக்குப்பா இப்ப...

அப்பா : அந்த ரூம்ல நீ எங்க நின்ன?

மகள் : உங்க தோளுக்குப் பின்னால. எங்கள அங்கதான் நிக்கச் சொல்லுவாங்க. டாக்டரும் நோயாளியும் ஒருத்தர் முகத்த ஒருத்தர் பாத்துப் பேசணும்.

அப்பா : அப்ப என் முகம் உனக்குத் தெரியல.

மகள் : தெரியாது. எதுக்குக் கேக்கறீங்க?

அப்பா : நான் வேண்டாம்னதும், நீ நீளமா இங்கிலீஷ்ல சொன்ன. அதுல 'ரெடி'ன்னு ஒரு வார்த்தை வந்துது. ரெடின்னா என்னன்னு தெரியாதவன் யாரும்மா இருக்கான்? டாக்டர் என்னப் பாத்துப் புருவத்தத் தூக்கினாரு. அப்படியான்னு கேக்கற மாதிரி. நான் ஆமான்னு தலைய ஆட்டினேன். ஆட்டிக்கிட்டே இருந்தேன்.

மகள் : ப்பா... அப்புறம் எதுக்கு என்கிட்ட வேண்டாம்னு சொன்னீங்க?

அப்பா : வாழணும்னு ஆசையா இருக்குன்னு பெத்த பொண்ணு வாயால இன்னொருத்தர்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துதும்மா... நீ எங்க நான் சொன்னத அப்படியே சொல்லிடுவியோன்னு நடுங்கிக்கிட்டேதான் உக்காந்திருந்தேன்.